மூன்றாவது கியர்

சீட்டு விழுந்தது ஒன்றரை லட்சம்.
வளையலை வங்கியில் வைத்தால்
இன்னும் முப்பது சேரும்.
வைக்க மாட்டேன் என்று
புறப்படும்போதே சொல்லிவிட்டேன் சவரிமுத்துவிடம்.
மெக்கானிக். பத்தாவது வரை
என் பெஞ்சுக்குப் பின் பெஞ்சு.

விடிகாலையில் ரத்தம் எடுப்பது என் வேலை.
காரைக்குடி லேபிலிருந்து ஸ்கூட்டரில்
கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்
சர்க்கரைக்காரர்கள்.
போன ஐப்பசியில் ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி
பதினோரு குழாயில் பெயர் அழிந்தது.
பதினோரு வீட்டுக்கும் திரும்பப் போய்
பதினோரு கையில் மறுபடி குத்தினேன்.
அன்றைக்கு முடிவு செய்தது, கார்.

முதல் வண்டி புதுவயலில். அரிசி ஆலைக்காரருடையது.
வெள்ளை, பளபளவென்று.
சவரி ஒன்றும் பேசாமல் பானெட்டில் கை வைத்தான்.
சுட்டது.
"காலையிலேயே ஓட்டிட்டீங்களோ?"
"சும்மா, பெட்ரோல் போட."
ஆறின இஞ்சினைத்தான் கிளப்பிப் பார்க்கணும் என்றான்
திரும்பி வரும் வழியில்,
சூடேத்தி வச்சா எல்லாம் ஒழுங்காத்தான் ஓடும்.
எனக்குச் சொல்லவா வேண்டும்.
இட்லி வாய் கழுவிவிட்டு வந்து
பச்சைத் தண்ணி குடிக்கலம்மா என்று
கை நீட்டுகிறவர்கள் எத்தனை பேர்.

இரண்டாவது தேவகோட்டையில், புரோக்கர் கொட்டகை.
சென்னை வண்டி, ஒரே ஓனர்,
நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான்.
சீட்டுக்குப் புது உறை.
நான்தான் சீட் பெல்ட்டை இழுத்தேன்.
இழுக்க இழுக்க வந்தது.
கடைசி ஒரு முழத்தில்
காய்ந்த சேற்றுக் கோடு.
எந்த வருஷத்து வெள்ளமோ.
தூசி என்றார் புரோக்கர்.
க்ளட்ச் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது,
நாற்பதாயிரத்துக்கு அவ்வளவு தேயாதாம்.
டீ வாங்கித் தந்தார். குடித்தோம்.

நாச்சியாபுரத்து வண்டியைப் பார்க்கவே
மனசில்லை எனக்கு.
வேகவைத்த பீட்ரூட் நிறம்.
வெள்ளைக்கண்ணு, கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்.
பதிமூன்று வருஷத்து ஆல்டோ.
கதவைத் திறந்ததும் கல்பாசி, மராட்டி மொக்கு,
எங்கோ ஆழத்தில் பழைய வெங்காயம்.
நாங்கள் கேட்குமுன் அவரே தொடங்கிவிட்டார்:
"ஏசி ஓடாது தாயி, கேஸ் நிக்கிறதில்ல.
இடப்பக்கப் பின்கதவு உள்ளேருந்து திறக்காது.
மழைன்னா மூணாவது கியர் அடம் பிடிக்கும்,
ரெண்டுக்குப் போயிட்டு வந்தா விழுந்துரும்.
இந்தச் சொட்டை பந்தக்கால் இடிச்சது."
யாரும் தன் நோயை
இவ்வளவு ஒழுங்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பானெட் ஜில்லென்றிருந்தது.
சவரி ஆயில் குச்சியை உருவி என்னிடம் நீட்டினான்.
"ரத்தம் பார்க்கிறவதானே, நீயே பாரு."
பையிலிருந்து பஞ்சு எடுத்துத் துடைத்தேன்.
தேன் நிறம், ஓரத்தில் கொஞ்சம் கருப்பு.
பால் கலங்கல் இல்லை.
நார்மல், என்றேன்.
அவன் அடியில் படுத்துத் துருவைத் தட்டினான்.
நான் ஊருணியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினேன்,
வாத்து ஒன்றுக்காக பிரேக் போட்டேன்.
நின்றது.

ஒன்று அறுபது கேட்டார்.
டயர் நாலும் மொட்டை என்றான் சவரி.
ஒன்று நாற்பத்திரண்டுக்கு இறங்கி
பேர் மாற்றும் செலவு உங்களது என்று
அங்கேயே நின்றார் அரைமணி நேரம்.
சரி என்றேன்.
மிச்சம் எட்டாயிரம். டயர் ரெண்டுக்கு வரும்.
எண்ணி வாங்கியதும்
ஒரு நிமிஷம் தாயி என்று உள்ளே ஏறி
சீட்டுக்கு அடியிலிருந்து
ஒரு சாரணியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நேற்று குன்றக்குடி ரோட்டில் நல்ல மழை.
பக்கத்து சீட்டில் ஐஸ் பெட்டி, பெல்ட் போட்டு.
மூன்றாவது விழவில்லை.
பின்னால் லாரி ஹாரன்.
ரெண்டுக்குப் போனேன், வந்தேன்.
விழுந்தது,
சொன்னபடியே.
பெட்டிக்குள் ஒன்பது பேர்,
கொஞ்சம் கல்பாசி வாசனையோடு,
பெயர் அழியாமல்.